ஓவன் வேண்டாம், ஒரு தட்டு போதும்: மொறுமொறு பொரி சாக்லேட் பார்

கடையில் பளபளக்கும் உறையில் ஒற்றை ஒற்றையாக விற்கும் சீரியல் பாரை நாலைந்து வாங்குகிற காசில், வீட்டிலேயே ஒரு தட்டு நிறையச் செய்துவிடலாம் தோழிகளே! ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், அடுப்பு எரிவதும் பத்து நிமிடத்துக்குள்தான். பொரி, பீனட் பட்டர், தேன் அல்லது வெல்லம், கொஞ்சம் சாக்லேட், அவ்வளவே சாமான். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்தப் பாருக்கு ஈரம்தான் எதிரி. பாத்திரம், கரண்டி, கை, பொரி என எல்லாமே காய்ந்திருந்தால் மொறுமொறுப்பு தானாக வந்துவிடும்.

பொரியும் சீரியலும்

1. ஒரே கப்பால் அளந்தால் கணக்கு சுலபம்: பொரி 6 பங்கு, பீனட் பட்டர் 1 பங்கு, தேன் அல்லது பாகு 1 பங்கு. முதல் முறை செய்பவர்கள் 3 கப் பொரி, அரை கப் பீனட் பட்டர், அரை கப் தேன் என்று பாதி அளவில் ஆரம்பியுங்கள். மேலே பூச 100 முதல் 150 கிராம் சாக்லேட் போதும். 8 அங்குலச் சதுரத் தட்டில் 16 துண்டு வரும்.

2. ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரி மூட்டையாக மீந்து நமத்துப் போயிருக்கிறதா? அடிகனமான வாணலியில் சிறு தீயில் மூன்று நாலு நிமிடம் வெறுமனே வறுத்தால் புதுசாகிவிடும். ஆறிய பிறகு ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள், பொடிந்தால் தயார், நசுங்கினால் இன்னும் ஒரு நிமிடம் வறுங்கள்.

3. பொரியை அளக்கும் முன் கண்ணுள்ள சல்லடையில் ஒருமுறை சலித்துவிடுங்கள். மணலும் தூளும் கீழே போய்விடும். தூள் கூடுதலாக இருந்தால் அதுவே பாகை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு பாரை வறட்டிவிடும்.

4. நம் ஊர்ப் பொரியில் பெரும்பாலும் உப்பு இருக்கும். கடை பீனட் பட்டரிலும் பல சமயம் இருக்கும். இரண்டையும் வாயில் போட்டுப் பார்த்த பிறகே தனி உப்பைத் தொடுங்கள். இரண்டிலும் உப்பு இல்லை என்றால் ஒரு சிட்டிகை சேருங்கள், சாக்லேட்டின் ருசி எடுப்பாகத் தெரியும்.

5. கார்ன்ஃபிளேக்ஸ் பாக்கெட்டின் அடியில் உடைசல் தங்கினால் யாரும் பாலில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அதைப் பொரியோடு பாதிக்குப் பாதி கலந்து பாருக்குப் போடுங்கள். முழு இதழ்களாக இருந்தால் கையால் லேசாக நொறுக்கிய பிறகு அளப்பது நல்லது, இல்லாவிட்டால் தட்டில் இடைவெளி விழுந்து துண்டு உதிரும்.

6. பொரி குறைந்தால் மெல்லிய அவலை வறுத்துச் சேர்க்கலாம். அவல் அடர்த்தியானது என்பதால் 3 கப்பில் ஒரு கப்புக்கு மேல் வேண்டாம், மீதி பொரியாகவே இருக்கட்டும். பொட்டுக்கடலை இரண்டு கைப்பிடி போட்டால் கடிக்க நன்றாக இருக்கும், வயிறும் நிறையும்.

7. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கி, பிறகு ஒதுக்கிய இனிப்பு சாக்கோ சீரியலும் இதற்கு உதவும். இனிப்பு தூக்கலாகிவிடுமே என்று தேனைக் குறைத்தால் பார் பிடிக்காது. தேன் அளவை அப்படியே விட்டுவிட்டு, மேலே பூசுகிற சாக்லேட்டை டார்க் சாக்லேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பீனட் பட்டர்

8. வீட்டில் மிக்ஸி இருக்க, பீனட் பட்டருக்கு ஏன் கடைக்குப் போக வேண்டும்? ஒரு கப் வேர்க்கடலையைச் சிறு தீயில் சிவக்க வறுத்து, துணியில் கொட்டித் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு அரைத்தால், நம் அளவுக்குத் தேவையான அரை கப் கிடைத்துவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைத்தால் எண்ணெய் சீக்கிரம் பிரியும்.

9. அரைக்கும்போது முதலில் பொடியாகும், பிறகு கட்டியாக ஜாரின் ஓரத்தில் ஒட்டும், அதற்குப் பிறகுதான் இளகும். அவசரப்பட்டுத் தண்ணீர் விட்டால் சட்னி ஆகிவிடும், ஒரு சொட்டும் கூடாது. நிறுத்தி நிறுத்தி ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டுக்கொண்டே இருந்தால் மிக்ஸியும் சூடேறாது.

10. வறுக்கும் முன் கடலையைத் தட்டில் பரப்பி ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் தயங்காமல் எறியுங்கள். பூஞ்சையால் வரும் நச்சு வறுத்தாலும் போகாது. சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

11. கடையில் வாங்கிய பீனட் பட்டரில் மேலே எண்ணெய் மிதந்தால் கொட்டிவிடாதீர்கள். மூடியை இறுக்கி முந்தின இரவே பாட்டிலைத் தலைகீழாக வைத்துவிட்டால், காலையில் கலக்குவது சுலபம். அந்த எண்ணெய் போய்விட்டால் அடியில் மிஞ்சுவது கெட்டித்துப்போய்ப் பொரியோடு சேரவே சேராது.

12. மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் ஒட்டியதை எடுக்க ஒரு கைப்பிடி வறுத்த பொரியைப் போட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மரக்கரண்டியால் துழாவுங்கள். பொரி துடைத்தெடுத்துவிடும், அதையே கலவையில் சேர்த்துவிடலாம். ஜாரும் பாதி சுத்தம், கடலையும் வீணில்லை.

13. வறுத்த கடலையில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து, ஒன்றிரண்டாகப் பொடித்து வையுங்கள். கலவையில் பாதி, சாக்லேட்டின் மேல் பாதி என்று தூவினால் பார்க்கவே கடை பார் தோற்கும். பாதாம், முந்திரி வாங்குகிற செலவும் மிச்சம்.

தேனும் பாகும்

14. கப்பில் முதலில் எண்ணெய் தடவிவிட்டுத் தேனை அளந்தால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வழுக்கி விழும். அதே கப்பில் அடுத்ததாகப் பீனட் பட்டரை அளந்துவிடுங்கள். கழுவ வேண்டியது ஒரே கப்தான்.

15. தேனில் செய்பவர்கள் தேனையும் பீனட் பட்டரையும் சேர்த்துச் சிறு தீயில் வைத்து, இளகி ஓரத்தில் முதல் குமிழ் வந்ததும் அணைத்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க விட்டால் ஆறிய பிறகு பல்லுக்கு வேலை வைக்கும். இந்த வகை கொஞ்சம் மிருதுவாக இருக்கும் என்பதால் ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிட ஏற்றது.

16. வெல்லத்தில் செய்தால் செலவு இன்னும் குறையும். அரை கப் பொடித்த வெல்லத்தை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். வடிகட்டிய பாத்திரத்தின் ஓரத்தில் ஈரமில்லாமல் துடைத்துவிட்டால் பாகு சீக்கிரம் திரளும்.

17. பதம் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடலைமிட்டாய்க்குப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். இந்தப் பாருக்குச் சத்தமே வரக் கூடாது. விரலில் மெத்தென்று உருட்ட வந்த நொடியில் அடுப்பை அணையுங்கள்.

18. பதம் தாண்டிவிட்டால் பாகைக் கொட்ட வேண்டாம். இரண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டு மறுபடி கரைய வைத்து, திரும்பப் பதம் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் திருத்தம் எல்லாம் பீனட் பட்டர் சேர்ப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், சேர்த்த பிறகு தண்ணீர் பட்டால் திரிந்து கட்டிப்படும்.

19. சர்க்கரைப் பாகு வைப்பவர்கள் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பாகு பூத்துப்போகாது. பார் ஆறிய பிறகு மணல் மணலாகக் கடிபடுவதும் இருக்காது. வெல்லத்துக்கு இது தேவையில்லை, ஒரு ஸ்பூன் நெய் விட்டாலே வாசமும் வழவழப்பும் வரும்.

20. பாகு தயாரானதும் அடுப்பை அணைத்த பிறகே பீனட் பட்டரைப் போடுங்கள். எரியும் அடுப்பில் போட்டால் சட்டென்று அடிபிடித்துக் காந்தல் வாடை வந்துவிடும். பாகின் சூடே அதை இளக்கிவிடும், கேஸும் மிச்சம்.

21. பொரியை அகலமான பாத்திரத்தில் தயாராக வைத்துக்கொண்டு, பாகை அதன் மேல் சுற்றிலும் ஊற்றுங்கள். நெய் தடவிய இரண்டு கரண்டியால், புளியோதரை கிளறுவதுபோல அடியிலிருந்து மேலாகப் புரட்டினால் பொரி உடையாது. ஒரே இடத்தில் ஊற்றினால் அங்கே மட்டும் பந்தாகச் சுருண்டு, மற்றதெல்லாம் வறட்டுப் பொரியாக நிற்கும்.

22. பாகு வாணலியைத் தேய்த்துக் கஷ்டப்பட வேண்டாம். தேன் வாணலி என்றால் அதிலேயே ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், கடலை மணத்தோடு ருசியாக இருக்கும். வெல்ல வாணலியில் பால் ஊற்றினால் திரிந்துவிடலாம் என்பதால், அதில் தண்ணீர் விட்டு ஒரு கொதி விட்டால் போதும், எல்லாம் கரைந்துவிடும்.

தட்டில் பரப்ப

23. தட்டில் பட்டர் பேப்பர் விரிக்கும்போது இரண்டு பக்கமும் வெளியே தொங்குகிற மாதிரி நீளமாக வெட்டுங்கள். இறுகிய பிறகு அந்த இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் பலகையாக வெளியே வந்துவிடும். தட்டில் கத்தி படாததால் கீறலும் விழாது.

24. பட்டர் பேப்பர் இல்லையா? வாழை இலையை அடுப்பில் வாட்டி, ஈரம் போகத் துடைத்து, நெய் தடவி விரியுங்கள். வாட்டிய இலை கிழியாமல் மடங்கும், பாரும் ஒட்டாமல் பிரியும்.

25. அடிப்பக்கம் நெய் தடவிய டம்ளரால் அழுத்திச் சமப்படுத்துங்கள். பிடித்துக்கொள்கிற அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். பலம் கொண்டு இறுக்கினால் பொரிக்குள் இருக்கும் காற்றெல்லாம் போய்ப் பார் கல்லாகிவிடும்.

26. தட்டு பெரிது, கலவை கொஞ்சம் என்றால் மெல்லிசாகப் பரப்பாதீர்கள். பட்டர் பேப்பரைப் பலமுறை மடித்துச் சுவர்போல நிறுத்தி, வேண்டிய இடத்தில் மட்டும் நிரப்பலாம். அரை அங்குலத்துக்குக் குறையாத கனம் இருந்தால்தான் வெட்டும்போது உடையாது.

சாக்லேட்

27. எந்தச் சாக்லேட் வாங்குவது என்ற குழப்பம் வேண்டாம். கோகோ வெண்ணெய் உள்ள அசல் சாக்லேட் ருசியில் உசத்தி, ஆனால் சுமார் 34 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். நம் கோடைக்குத் தாங்காது. தாவர எண்ணெயில் செய்த காம்பவுண்ட் விலையும் குறைவு, உருக்கிப் பூசினால் தானாகவே பளபளவென்று இறுகிவிடும்.

28. உருக்குவதற்குப் பாத்திரத்தின் மேல் பாத்திரம் வைக்கும்போது, மேல் பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. முக்கால்வாசி உருகியதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளறுங்கள், மீதி அந்தச் சூட்டிலேயே கரையும். மேல் பாத்திரம் வாயகலமாக இருந்தால் ஆவி உள்ளே வராது.

29. மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் 30 நொடிக்கு ஒருமுறை நிறுத்திக் கிளறுங்கள். கட்டி உருவம் மாறாமல் இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே இளகியிருக்கும். பார்வையை நம்பி மேலும் மேலும் ஓட்டினால் கருகிவிடும்.

30. ஒரு துளி தண்ணீர் விழுந்தால்கூடச் சாக்லேட் திரிதிரியாக இறுகிவிடும். அது பூசுவதற்கு உதவாதே தவிர, வீண் இல்லை. சூடான பாலில் கரைத்துக் குடிக்கலாம், கேசரி மாதிரி இனிப்புகளின் மேல் சாஸாக ஊற்றவும் செய்யலாம்.

31. பூசுகிற சாக்லேட்டோடு ஒரு ஸ்பூன் பீனட் பட்டரைக் கலந்துவிட்டால், வெட்டும்போது மேல் பூச்சு விரிசல் விடாது. ருசியும் அடிப்பகுதியோடு ஒத்துப்போகும். அதிகம் கலந்தால் கையில் ஒட்டும், 100 கிராமுக்கு ஒரு ஸ்பூன் போதும்.

32. வீட்டில் சாக்லேட்டே இல்லை, கோகோ பவுடர் மட்டும் இருக்கிறதா? கோகோ பவுடர், பொடித்த சர்க்கரை, உருக்கிய தேங்காய் எண்ணெய் மூன்றையும் மும்மூன்று டேபிள்ஸ்பூன் எடுத்துக் கட்டியில்லாமல் கலந்து பூசுங்கள். தேங்காய் எண்ணெய் இருப்பதால் இது ஃப்ரிட்ஜில்தான் இறுகும், வெளியே வைத்தால் இளகும்.

33. அடிப்பகுதி கைபொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்ததும் சாக்லேட்டை ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் குளிர்ந்து கிடக்கிற தட்டில் ஊற்றினால் ஒட்டாமல் தனி ஏடாகக் கழன்று வரும். ஊற்றியதும் தட்டை இரண்டு தட்டு தட்டினால் கரண்டியே இல்லாமல் சமமாகப் பரவும்.

வெட்டவும் வைக்கவும்

34. ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் போதும், ஃப்ரீசர் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வெளிக்காற்று பட்டதும் வியர்த்துப் பொரி நமத்துவிடும். வெங்காயம், பூண்டு மணம் ஏறாமல் இருக்கத் தட்டை மூடி வையுங்கள்.

35. சாக்லேட் பாதி இறுகியதும் கத்தியால் மேலாகக் கோடு போட்டு வையுங்கள். முழுதாக இறுகிய பிறகு பத்து நிமிடம் வெளியே வைத்து, வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் அந்தக் கோட்டில் இறக்கினால் சீராக வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க மறக்காதீர்கள்.

36. அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். சாக்லேட்டில் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பூஞ்சையோ என்று பயப்பட வேண்டாம். கொழுப்பு மேலே வந்த தடம்தான், சாப்பிடலாம். முடி முடியாக வளர்ந்திருந்தாலோ வாடை வந்தாலோ மட்டும் எறியுங்கள்.

37. மே மாத வெயிலில் டிபன் பாக்ஸில் மேல் பூச்சு உருகி வழியும். அந்த மாதங்களில் மேலே பூசாமல், பாகிலேயே ஒரு டேபிள்ஸ்பூன் கோகோ பவுடரைக் கலந்துவிடுங்கள். கையும் சீருடையும் தப்பிக்கும், சாக்லேட் ருசியும் குறையாது.

38. கலவை பிடிக்காமல் உதிர்கிறதா? திரும்ப வாணலியில் போட்டு ஒரு ஸ்பூன் தேன், ஒரு ஸ்பூன் பீனட் பட்டர் சேர்த்து லேசாகச் சூடாக்கி, கார்த்திகைப் பொரி உருண்டை பிடிக்கிற கைப்பழக்கத்தில் உருட்டிவிடுங்கள். வெட்டும்போது விழுந்த தூளை ஐஸ்கிரீமின் மேல் தூவிக்கொள்ளலாம்.

கொடுக்கும் முன்

39. இந்தப் பலகாரத்தின் ஆதி ஊர் அமெரிக்கா. 1939-ல் கெல்லாக் நிறுவனத்தில் பணியாற்றிய மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்கள் மார்ஷ்மெல்லோவை உருக்கி அரிசிச் சீரியலோடு கலந்து செய்தது இது. மார்ஷ்மெல்லோவில் பொதுவாக ஜெலட்டின் இருக்கும். சைவக்காரர்கள் வாங்கினால் உறையில் பச்சைப் புள்ளியைப் பாருங்கள், அல்லது நம்மைப்போல் பீனட் பட்டரும் பாகுமாகவே செய்துவிடுங்கள்.

40. பிள்ளைகளின் நண்பர்களுக்குக் கொடுத்து அனுப்பும் முன், வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் தரக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முழுக்கடலை தூவாமல், குட்டித் துண்டாக வெட்டி, உட்கார வைத்துக் கொடுங்கள்.

அடுத்த முறை மளிகை லிஸ்ட் எழுதும்போது சீரியல் பாரை அடித்துவிட்டு, அரை கிலோ வேர்க்கடலையும் ஒரு பாக்கெட் பொரியும் எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை ஒரு தட்டு செய்துவிட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை ஸ்நாக்ஸ் டப்பாவுக்கு என்ன வைப்பது என்று யோசிக்க வேண்டாம். சாமான்கள் உங்கள் சமையலறையிலேயே இருக்கின்றன, இந்த வாரமே ஒரு தட்டு செய்து பாருங்கள்!